மேடைப் பியானோக் கலைஞர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பியானோ நன்றாக வாசிப்பவர் எல்லோரும் கச்சேரிக் கலைஞரா?

இல்லை. பியானோவையே தொழிலாகக் கொண்டவர்களில் பெரும்பாலோர் ஆசிரியர்கள், பாடகர்களுக்கும் வயலின்காரர்களுக்கும் உடன் வாசிப்பவர்கள், பாலே ஒத்திகைக்கு வாசிப்பவர்கள். ஒன்றரை மணி நேரம் ஒற்றை ஆளாக மேடையில் உட்கார்ந்து அரங்கத்தைக் கட்டிப்போடுபவர்கள் மிகச் சிலர்தான்.

இந்த வழக்கத்துக்கு இருநூறு வயதுகூட ஆகவில்லை. அதற்கு முன் ஒரு கச்சேரியில் பாட்டு, வயலின், ஆர்கெஸ்ட்ரா எல்லாம் கலந்து வரும். பியானோவும் அதில் ஒன்று. ஹங்கேரியப் பியானோக் கலைஞர் ஃபிரான்ஸ் லிஸ்ட்தான் முழு மாலையையும் தன் கையில் எடுத்துக்கொண்டார். 1840இல் லண்டனில் அதற்கு ‘ரிசைட்டல்’ என்று பெயர் போட்டு விளம்பரம் செய்தார். ஸ்கோரைப் (இசைக்குறிப்புத் தாளைப்) பார்க்காமல் வாசிக்கும் வழக்கம் நிலைத்ததற்கு அவரும் கிளாரா ஷூமனும் முக்கியக் காரணம்.

வயலின்காரர் தன் வயலினைத் தோளில் மாட்டிக்கொண்டு விமானம் ஏறலாம். பியானோக்காரருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஊருக்கு ஊர் முன்பின் தெரியாத வாத்தியத்தின் முன் உட்கார்ந்து, ஓரிரண்டு மணி நேரத்தில் அதைத் தன் வாத்தியமாக்கிக்கொள்ள வேண்டும். இந்தத் தொழிலின் பாதிச் சிக்கலும் பாதி அழகும் இங்கிருந்துதான் வருகின்றன.

எந்த வயதில் தொடங்க வேண்டும்?

பெரும்பாலோர் ஐந்திலிருந்து எட்டு வயதுக்குள் தொடங்கியிருப்பார்கள். பதினெட்டு வயதில் கன்சர்வேட்டரிக்குள் (இசைக் கல்லூரிக்குள்) நுழையும்போது பாக் ஃபியூக் சில, பீத்தோவன் சொனாட்டா சில, ஷோபான் எட்யூட் (பயிற்சி உருப்படி) சில, ஆர்கெஸ்ட்ராவுடன் சேர்ந்து வாசிக்கும் ஓரிரு கான்செர்டோக்கள் கையில் இருக்க வேண்டும் என்பது எழுதப்படாத விதி. ஆனால் பியானோக் கலைஞர் ஸ்வியாட்டொஸ்லாவ் ரிக்டர் பெரும்பாலும் தானாகவே கற்று, 22 வயதில்தான் மாஸ்கோவில் ஹைன்ரிக் நைகவுஸிடம் முறையாகச் சேர்ந்தார். அதற்கு முன் ஓப்பரா அரங்கில் உடன் வாசித்து, எந்த ஸ்கோரைக் கொடுத்தாலும் பார்த்தவுடன் வாசிக்கும் திறமையை வளர்த்திருந்தார். பிந்தித் தொடங்குபவர்கள் கவனிக்க வேண்டியது இந்தப் பின்னணியைத்தான்.

ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் சாதகம் செய்ய வேண்டும்?

நான்கு, ஐந்து மணி நேரம் போதும். அதற்கு மேல் போனால் காது களைத்துவிடும். காது களைத்தபின் விரல் செய்வதெல்லாம் தவறுகளை மனப்பாடம் செய்வதுதான். தன் மாணவி ஒருவர் ஆறு மணி நேரம் சாதகம் செய்கிறார் என்று தெரிந்ததும் ஷோபான் கோபப்பட்டு, மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று தடுத்ததாகச் சொல்வார்கள். ஐம்பது நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து நடப்பதும் சாதகத்தில் சேர்த்திதான்.

மணிக்கணக்கைவிட முறை முக்கியம். புதிய உருப்படியை எடுத்ததும் முதல் இரண்டு மூன்று நாளிலேயே விரல் வைப்பை முடிவுசெய்து, ஸ்கோரில் பென்சிலால் எழுதிவிட வேண்டும். இன்று நான்காம் விரல், நாளை மூன்றாம் விரல் என்று மாறினால் கை எதையும் நம்பாது. மேடையில் அந்த இடம்தான் முதலில் உடையும். அடுத்து ஒவ்வொரு கையும் தனியாக. பிறகு இரண்டு கையும் பாதி வேகத்தில், ஆனால் எங்கே மென்மை, எங்கே அழுத்தம் என்பதை அப்போதே சேர்த்து. ‘முதலில் ஸ்வரம், அப்புறம் பாவம்’ என்று தள்ளிப்போடுபவர்கள் கடைசிவரை ஸ்வரம் மட்டுமே வாசிப்பார்கள்.

மெட்ரோனோமை (தட்டித் தட்டி வேகத்தைக் காட்டும் கருவியை) இரண்டு மூன்று புள்ளியாக ஏற்றி, முழு வேகத்தைத் தொட்டபின் மறுபடி பாதி வேகத்துக்கு இறங்கி முடிக்க வேண்டும். ஒவ்வொரு பாரையும் (ஸ்கோரில் இரண்டு குத்துக்கோடுகளுக்கு இடைப்பட்ட பகுதியை) அடுத்த பாரின் முதல் ஸ்வரம் வரை சேர்த்து வாசித்துப் பழக வேண்டும். தடுமாற்றம் பாருக்குள் வருவது குறைவு, பார்களின் இணைப்பில்தான் அதிகம். இன்னொரு பழைய வியாதி, எப்போதும் முதலிலிருந்தே தொடங்குவது. தொடக்கம் பளபளக்கும், கடைசிப் பக்கம் கரடுமுரடாகவே இருக்கும். வாரத்தில் இரண்டு நாளாவது கடைசிப் பக்கத்திலிருந்து பின்னோக்கி வர வேண்டும்.

கை வலிக்கும் இடங்களில் என்ன செய்வது?

ஷோபானின் ஓபஸ் (படைப்பு எண்) 10, எண் 2 எட்யூடை எடுத்துக்கொள்ளலாம். வலது கையின் 3, 4, 5ஆம் விரல்கள் ஒன்றன் மேல் ஒன்று தாண்டி அரைச்சுரப் படியில் ஏறி இறங்கும். அதே கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கீழே சின்னச் சின்னக் கார்ட்களை (ஒரே நேரத்தில் ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்களை) தட்டிக்கொண்டே இருக்கும். ஒரு பக்கம் முடிவதற்குள் முன்கை எரியத் தொடங்கும்.

பலரும் பலவீனமான நான்காம், ஐந்தாம் விரல்களைக் குற்றம் சொல்வார்கள். கோளாறு பெரும்பாலும் கட்டைவிரலில் இருக்கிறது: கார்டைத் தட்டியபின் அது கட்டையை விடாமல் அழுத்திக்கொண்டே இருக்கும். அந்த இறுக்கம் கை முழுவதும் பரவும். மேல் வரிசையை மட்டும் மிக மெதுவாக, மிக மென்மையாக ஒரு வாரம். பிறகு கார்ட்களைத் தட்டியவுடன் கட்டைவிரல் சட்டென்று தளர்கிறதா என்று பார்த்துக்கொண்டே இரண்டையும் சேர்த்து. எரிச்சல் தொடங்கினால் அங்கேயே நிறுத்த வேண்டும். எரிச்சலைத் தாண்டி வாசித்தால் பலம் கூடும் என்பது தவறான நம்பிக்கை.

ஒரே கட்டையை யார் அழுத்தினாலும் ஒரே சத்தம்தானே? ‘அழகான நாதம்’ என்பது எங்கிருந்து வருகிறது?

நியாயமான கேள்வி. கட்டை சுமார் 10 மில்லிமீட்டர் இறங்கும். அதை அசைக்க 50 கிராம் அளவு எடை போதும். கட்டை கீழே போகும்போது நெம்புகோல்கள் வழியாகச் சுத்தியல் மேலே கிளம்பும். கம்பியைத் தொட இரண்டு மில்லிமீட்டர்போல இருக்கும்போதே பொறி விடுபட்டு, மீதித் தூரத்தைச் சுத்தியல் தானாகப் பறந்து கடக்கும். அதாவது, கம்பி ஒலிக்கும் அந்தக் கணத்தில் விரலுக்கும் சுத்தியலுக்கும் தொடர்பே கிடையாது. சுத்தியல் என்ன வேகத்தில் கிளம்பியது என்பது மட்டுமே விரலின் கையெழுத்து.

ஆகவே ஒற்றை ஸ்வரத்தில் பெரிய மர்மம் இல்லை. மர்மம் இரண்டாவது ஸ்வரத்தில் தொடங்குகிறது. நான்கு ஸ்வரக் கார்டில் மேல் ஸ்வரத்தின் சுத்தியலை மட்டும் கொஞ்சம் வேகமாக அனுப்பினால் அது பாடும், மற்ற மூன்றும் அதைச் சுற்றி ஒளிவட்டம்போல் நிற்கும். நான்கையும் சமமாக அடித்தால் மரப்பெட்டியைத் தட்டியதுபோல் இருக்கும். முந்தைய ஸ்வரம் தேய்ந்து எந்த அளவில் இருக்கிறதோ, அதைக் காதில் வாங்கி அடுத்த ஸ்வரத்தை அதே அளவில் தொட்டு வைத்தால், தேய்ந்துகொண்டே போகும் ஒலிகள் ஒரே இழையாகக் கேட்கும். பியானோ பாடுவதாகத் தோன்றுவது இந்த ஏமாற்று வேலையால்தான். எத்தனை அழகான ஏமாற்று!

விரல்களைப் பிரித்தாளும் இந்தத் திறமைக்கு ஒரு பயிற்சி: நான்கு ஸ்வரக் கார்டைப் பிடித்து, முதலில் மேல் ஸ்வரம் ஓங்கி ஒலிக்க, பிறகு அதற்குக் கீழே உள்ளது, பிறகு அதற்கும் கீழே என்று மாற்றி மாற்றி வாசிக்க வேண்டும். நான்கும் ஒரே கணத்தில் விழ வேண்டும். ஓங்க வேண்டிய விரல் முந்திக்கொண்டு விழுவதுதான் தொடக்கத்தில் எல்லோருக்கும் நடக்கும் பிழை.

பெடலை எப்போது மிதிப்பது என்று ஸ்கோரிலேயே போட்டிருக்குமே?

போட்டிருக்கும். அதை அப்படியே பின்பற்றினால் பல இடங்களில் சேறாகிவிடும்.

பீத்தோவனின் ஓபஸ் 27, எண் 2, ‘மூன்லைட்’ சொனாட்டாவின் முதல் பகுதி. 1801இல் எழுதியது. பகுதி முழுவதையும் டாம்பர்களை (கம்பியின் ஒலியை அடக்கும் மெத்தைகளை; வலது பெடலை மிதித்தால் இவை உயரும்) உயர்த்தி வைத்தே வாசிக்கச் சொல்லியிருக்கிறார் பீத்தோவன். அவர் காலத்துப் பியானோவில் ஒலி சீக்கிரம் தேயும். ஒரு சுரக்கூட்டு மங்கும்போது அடுத்தது வந்து சேரும். இன்றைய பெரிய பியானோவில் ஒலி நெடுநேரம் நிற்கும். பெடலை விடாமல் மிதித்தால் நான்கு பாருக்குள் எல்லாம் குழம்பிவிடும். ஒவ்வொரு சுரக்கூட்டுக்கும் சுத்தமாக மாற்றினாலோ அந்த மூடுபனி கலைந்துவிடும்.

கலைஞர்கள் செய்வது இரண்டுக்கும் நடுவில். பெடலை முழுதும் மேலே விடாமல் பாதி விடுவார்கள். டாம்பர்கள் கம்பியை உரசிக்கொண்டு நிற்கும். பழைய ஒலியில் கொஞ்சம் கழியும், கொஞ்சம் தங்கும். கனமான கீழ்ஸ்தாயிக் கம்பிகள் தங்கிவிடும், மேலே உள்ளவை தெளியும். அந்தப் பாதி எந்த இடத்தில் வருகிறது என்பது ஒவ்வொரு பியானோவிலும் வேறு. ஷூவின் மெல்லிய தோல் வழியே அந்த இடத்தைக் கால் கண்டுபிடிக்க வேண்டும். தடித்த ரப்பர் அடிப்பாகம் உள்ள ஷூவைக் கலைஞர்கள் தவிர்ப்பது இதனால்தான்.

இதே பகுதியில் வலது கைக்கு இன்னொரு சோதனை. ஐந்தாம் பாரில் பாட்டு தொடங்கும்போது, சுண்டுவிரல் அதை ஏந்த, அதே கையின் மற்ற விரல்கள் மும்மூன்றாக ஓடும் ஸ்வரங்களைத் தொடர வேண்டும். சுண்டுவிரல் பக்கம் கையின் எடையைச் சாய்த்து, மற்ற விரல்களைக் கட்டையிலிருந்து எடுக்காமலே வாசித்தால்தான் இரண்டும் பிரிந்து கேட்கும்.

இடது பெடல் வெறும் சத்தம் குறைப்பான் அல்ல. அது கட்டைகளோடு சேர்த்துச் சுத்தியல்களையே இரண்டு மூன்று மில்லிமீட்டர் வலப்பக்கம் நகர்த்தும். மூன்று கம்பிக்குப் பதில் இரண்டில் அடி விழும். கம்பி பட்டுப் பட்டு இறுகிய பள்ளத்துக்குப் பதிலாக அதன் பக்கத்திலுள்ள மெத்தென்ற கம்பளியும் படும். நிறமே மாறும்.

கை சிறியதாக இருந்தால் வழியே இல்லையா?

உண்டு. இன்றைய கட்டைகளில் ஓர் ஆக்டேவின் (ஒரு ஸ்தாயியின்) அகலம் சுமார் 165 மில்லிமீட்டர். ரஹ்மானினாஃபுக்கு அதைத் தாண்டி இன்னும் நான்கைந்து கட்டை எட்டும். ஐந்தடிக்கும் குறைவான உயரமுள்ள அலிசியா தெ லரோச்சா அதே ரஹ்மானினாஃபின் மூன்றாம் கான்செர்டோவை மேடையில் வாசித்தார். பெரிய கார்ட்களைக் கீழிருந்து மேலாக வேகமாக உருட்டுவது, உள் ஸ்வரத்தை மறு கையிடம் கொடுப்பது, கீழ் ஸ்வரத்தைப் பெடலில் பிடித்துக்கொண்டு கையை நகர்த்துவது எல்லாம் மரியாதைக்குரிய உத்திகள்தான். எட்டாததை இழுத்து எட்டுவதுதான் ஆபத்து. ஜோசஃப் ஹாஃப்மன் தனக்கென்று ஒடுக்கமான கட்டைகள் வைத்த பியானோவையே செய்து வாங்கினார்.

அவ்வளவு நீளமான உருப்படிகளை எப்படி மனப்பாடம் செய்கிறார்கள்?

விரல் ஞாபகம் மட்டும் இருந்தால் அது மனப்பாடம் ஆகாது. விரல் பழக்கத்தில் ஓடும். ஒருவர் இருமினால், கட்டையின் கனம் மாறினால், ‘அடுத்து என்ன?’ என்று மனம் ஒரு நொடி கேட்டால் நின்றுவிடும்.

பெரும்பாலும் எங்கே தொலைகிறார்கள் என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. சொனாட்டாவின் முதல் பகுதியில் தொடக்கத்தில் வந்த கருப்பொருள் கடைசியில் திரும்ப வரும். முதல்முறை வேறு சுருதிக்கு நகர்ந்த பாலம், இரண்டாம் முறை தாய்ச்சுருதியிலேயே நிற்க வேண்டும். பிரியும் அந்த ஒரு பாரில் விரல் பழைய பாதையில் திரும்பிவிட்டால், கலைஞர் மறுபடி நடுப்பகுதிக்கே போய்ச் சேர்வார். மோட்சார்ட்டின் கே. 545 (அவர் படைப்புப் பட்டியலில் உள்ள எண்) சொனாட்டாவில் இன்னும் ஒரு திருகல்: திரும்ப வரும் கருப்பொருள் தாய்ச்சுருதியான சி மேஜரில் வராமல் எஃப் மேஜரில் வரும். இப்படிப்பட்ட கிளைப்பாதைகளை எல்லாம் ஸ்கோரில் குறித்து, இரண்டு வடிவங்களையும் அடுத்தடுத்து வாசித்து, எந்த ஸ்வரத்தில் பிரிகின்றன என்று வாய்விட்டுச் சொல்லிப் பழக வேண்டும்.

உருப்படியில் பதினைந்து இருபது நிலையங்களை வகுத்து, எந்த எண்ணைச் சொன்னாலும் அங்கிருந்து தொடங்க முடிய வேண்டும். இடது கையை மட்டும் தனியாக ஞாபகத்திலிருந்து வாசிக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். பெரும்பாலோர் இங்கே தோற்பார்கள். கடைசிச் சோதனை, பியானோவே இல்லாமல் நாற்காலியில் உட்கார்ந்து, முதல் ஸ்வரத்திலிருந்து கடைசி வரை மனத்துக்குள் கேட்பது. எங்கே மங்குகிறதோ அங்கே இன்னும் பாடமாகவில்லை.

ஸ்கோரை வைத்து வாசிப்பது குறையும் அல்ல. ரிக்டர் தன் கடைசிக் காலக் கச்சேரிகளில் அரங்கத்தை இருட்டாக்கி, ஒரு சின்ன விளக்கொளியில் ஸ்கோரைப் பார்த்தே வாசித்தார்.

மேடையில் மறந்துவிட்டால்?

நிற்கக் கூடாது, திரும்பிப் போகக் கூடாது. அடுத்த நிலையத்துக்குத் தாவ வேண்டும். இடது கையைத் தாளத்தில் ஓடவிட்டால் அரங்கில் பாதிப் பேருக்குத் தெரியவே தெரியாது.

பியானோக் கலைஞர் மரியா ஜோவாவ் பிரெஸ் ஆம்ஸ்டர்டாமில் ரிக்கார்டோ ஷையியின் நடத்துகையில் மோட்சார்ட் கான்செர்டோ வாசிக்க உட்கார்ந்தார். ஆர்கெஸ்ட்ரா தொடங்கியதும்தான் தெரிந்தது, அவர் தயாராகி வந்தது வேறொரு கான்செர்டோ! ஒலிப்பது டி மைனர், கே. 466. அதன் ஆர்கெஸ்ட்ரா முன்னுரை இரண்டு நிமிடத்துக்கு மேல் ஓடும். அந்த அவகாசத்துக்குள் தன்னைத் திரட்டிக்கொண்டு ஞாபகத்திலிருந்தே வாசித்து முடித்தார். முந்தைய ஆண்டுகளில் ஆழமாகப் பதிந்தது அழியாமல் இருந்தது. அப்படிப் பதியவைப்பதுதான் சாதகத்தின் வேலை.

மேடைப் பதற்றம் பெரியவர்களையும் விடாது. ஹொரோவிட்ஸ் 1953இலிருந்து 1965 வரை பன்னிரண்டு ஆண்டுகள் மேடையேறவில்லை.

தெரியாத பியானோவுடன் எப்படிப் பழகுகிறார்கள்?

பெரிய அரங்குகளில் இருக்கும் பியானோ சுமார் 274 சென்டிமீட்டர் நீளம், கிட்டத்தட்ட 500 கிலோ எடை. ஒரே கம்பெனியின் ஒரே மாடலில் இரண்டு பியானோவும் ஒன்றுபோல் இருக்காது.

முதலில் ஸ்டூலின் உயரம். முழங்கை கட்டைகளின் மட்டத்துக்கு வந்தபின் மற்றதெல்லாம். அடுத்து மிக மெதுவாக, எவ்வளவு மென்மையாக முடியுமோ அவ்வளவு மென்மையாக ஒரு ஸ்கேல். எந்தக் கட்டை ஒலிக்காமல் விழுகிறது, எது துருத்திக்கொண்டு கத்துகிறது என்பது அப்போதுதான் தெரியும். வேகமாக, சத்தமாக வாசித்துப் பார்ப்பவருக்கு எல்லாப் பியானோவும் நல்ல பியானோதான். பிறகு ஒரே கட்டையைத் திரும்பத் திரும்ப வேகமாகத் தட்டிப் பார்க்க வேண்டும். பெடலில் பாதி எங்கே என்று தேட வேண்டும். கடைசியாக வேறொருவரை வாசிக்கச் சொல்லி அரங்கின் பின்வரிசையில் போய்க் கேட்க வேண்டும். மேடையில் காது பிளக்கும் கீழ்ஸ்தாயி அங்கே காணாமல் போயிருக்கும்; அல்லது நேர்மாறாக இருக்கும்.

இதையெல்லாம் ட்யூனரிடம் தெளிவாகச் சொல்லத் தெரிய வேண்டும். ‘நாதம் சரியில்லை’ என்றால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. ‘நடு சிக்கு மேலே உள்ள ஆக்டேவில் எஃப் ஷார்ப் மட்டும் கூர்மையாக இருக்கிறது’ என்றால், அந்தச் சுத்தியலின் கம்பளியை ஊசியால் குத்தி இளக்கிவிடுவார். மங்கலாக இருந்தால் மேற்பரப்பை அரத்தாளால் தேய்த்துக் கூர்மை கொடுப்பார். ஒத்திகைக்கு முன் ஒருமுறை, மக்கள் உள்ளே வருவதற்கு முன் மறுமுறை சுருதி சேர்ப்பது வழக்கம். விளக்கின் சூடும் அரங்கின் ஈரப்பதமும் சுருதியை அசைக்கும்.

கான்செர்டோ வாசிப்பது எப்படி வேறுபடுகிறது?

ஒன்றிரண்டு ஒத்திகைதான் கிடைக்கும். முக்கியமான இடங்களை முன்பே இசை நடத்துநருடன் தனியாக உட்கார்ந்து பேசிக்கொள்ள வேண்டும்: எங்கே வேகம் தளர்கிறது, கடென்சா (ஆர்கெஸ்ட்ரா நிற்க, பியானோ மட்டும் ஒலிக்கும் இடம்) எந்த ட்ரில்லில் (இரு ஸ்வரங்கள் வேகமாக மாறி மாறி ஒலிப்பது) முடிகிறது, யார் யாரைப் பின்தொடர்வது. பெரிய ஆர்கெஸ்ட்ராவின் ஒலி பின்தங்கி வருவதுபோல் தோன்றும்; அதற்காகக் காத்திருந்தால் எல்லோரும் சேர்ந்து மெதுவாகிவிடுவார்கள். கண்ணை நடத்துநரின் கோலில் வைத்து, காதை முதல் வயலினில் வைக்க வேண்டும். அடுத்தவர் பங்கை ஸ்கோரில் படிக்காமல் தன் பங்கை மட்டும் பாடம் செய்து வருவதுதான் இளம் கலைஞர்கள் செய்யும் பெரிய தவறு.

போட்டியில் ஜெயிக்காமல் பெயர் வாங்க முடியாதா?

போட்டி கதவைத் திறக்கும். 1927இல் தொடங்கிய வார்சா ஷோபான் போட்டி ஐந்தாண்டுக்கு ஒருமுறை நடப்பது. 1960இல் பொல்லினியும் 1965இல் ஆர்ஹெரிச்சும் அங்கே ஜெயித்தவர்கள். 1958இல் மாஸ்கோவில் முதல் சைக்கோவ்ஸ்கி போட்டியை 23 வயது அமெரிக்கர் வான் கிளைபர்ன் ஜெயித்தபோது, பனிப்போர்க் காலத்தில் அது உலகச் செய்தியானது. அவர் பெயரில் நடக்கும் போட்டியில் 2022இல் 18 வயது யுன்சான் லிம் முதல் பரிசு பெற்றார்.

ஆனால் 1980இல் வார்சாவில் இவோ பொகொரெலிச் இறுதிச் சுற்றுக்குத் தேர்வாகவில்லை. அதை எதிர்த்து ஆர்ஹெரிச் நடுவர் குழுவிலிருந்து விலகினார். ஜெயித்த தாங் தாய் சான் அந்தப் பரிசைப் பெற்ற முதல் ஆசியர். தோற்ற பொகொரெலிச்சும் உலகப் புகழ் பெற்றார். நடுவர்கள் பலர் சேர்ந்து மதிப்பெண் போடும்போது யாருக்கும் உறுத்தாத வாசிப்பு முன்னேறுவதும், தனித்த குரல் அடிபடுவதும் நடக்கத்தான் செய்கிறது. பரிசு கிடைத்தால் உடனே இரண்டு ஆண்டுக்குக் கச்சேரிகள் குவியும். கையில் நான்கு உருப்படியோடு ஜெயித்தவர் அந்த இரண்டு ஆண்டிலேயே தீர்ந்துபோவார்.

வருமானம் எப்படி? ஏஜென்ட் தேவையா?

ஒரு கச்சேரிக்கு இவ்வளவு என்று ஒப்பந்தம். அதில் ஏஜென்டின் பங்கு பொதுவாக 15 முதல் 20 சதவீதம். பயணம், தங்குமிடம் யார் செலவு, வெளிநாட்டில் வரி யார் பிடிப்பது என்று கையெழுத்துக்கு முன்பே பார்க்க வேண்டும். எந்தப் பியானோ, எத்தனை முறை சுருதி, எத்தனை மணி நேரம் ஒத்திகைக்கு அரங்கம், ஒலிப்பதிவு உரிமை யாருக்கு என்பவையும் எழுத்தில் இருக்க வேண்டும். வாசிக்காவிட்டால் பணம் இல்லை. காய்ச்சலில் ரத்தானாலும் அப்படித்தான். மேடை அழைப்புகள் ஒன்றரை, இரண்டு ஆண்டு முன்பே முடிவாகும் என்பதால் இன்று சேர்க்கும் உருப்படி அப்போதுதான் அரங்கேறும். மேடையில் நிலைத்தவர்களிலும் பலர் பாடமும் நடத்துகிறார்கள்.

கையில் கோளாறு வந்தால் எல்லாம் முடிந்ததா?

தொடர்ந்து வலி, மரமரப்பு, விரல் தானாகச் சுருள்வது ஆகியவற்றில் எது வந்தாலும் இசைக்கலைஞர்களின் கைகளைப் பார்த்துப் பழகிய மருத்துவரிடம் உடனே போக வேண்டும். அமெரிக்கப் பியானோக் கலைஞர் லியான் ஃப்ளைஷருக்கு 1964 வாக்கில் வலது கையின் கடைசி இரண்டு விரல்கள் சுருளத் தொடங்கின. அவர் கூடுதலாகச் சாதகம் செய்து சரிசெய்யப் பார்த்தது நிலைமையை மோசமாக்கியது. அவருக்கு வந்த ஃபோகல் டிஸ்டோனியா என்பது தசைக் கோளாறு அல்ல, மூளை விரலுக்கு அனுப்பும் கட்டளையில் உள்ள கோளாறு. இடது கை உருப்படிகளை வாசித்தும், கற்பித்தும், ஆர்கெஸ்ட்ரா நடத்தியும் முப்பது ஆண்டுகள் கழித்து, சிகிச்சைக்குப்பின் 1990களில் மீண்டும் இரண்டு கையாலும் மேடையேறினார். அவர் வாசித்த இடது கைக் கான்செர்டோவை ராவெல் எழுதியது முதல் உலகப் போரில் வலது கையை இழந்த பால் விட்கென்ஷ்டைனுக்காக.

கச்சேரி கேட்கப் போகிறவர் எங்கே உட்கார்ந்து எதைக் கவனிக்கலாம்?

கைகளைப் பார்க்க வேண்டுமென்றால் மேடையை நோக்கி இடதுபுறம் உட்கார வேண்டும். நாதம் கேட்க நடுவிலோ சற்று வலப்புறமோ, முன்வரிசைகளைத் தாண்டி. ஓடும் விரல்களைவிட, ஓர் உருப்படியின் மிக மெல்லிய இடத்தைக் கவனியுங்கள்: ஒவ்வொரு ஸ்வரமும் கடைசி வரிசைக்கு வந்து சேர்கிறதா? இடது கையை மட்டும் ஒரு பக்கம் முழுக்கக் கேட்டுப்பாருங்கள். மெதுவான உருப்படியின் கடைசிக் கார்டில் கலைஞரின் வலது பாதத்தைப் பாருங்கள். நல்ல கலைஞர் பெடலைச் சட்டென்று விடமாட்டார். கம்பிகளை டாம்பர்கள் தொடும் சத்தம்கூடக் கேட்காதபடி, மூச்சு விடும் வேகத்தில் பாதம் மேலே வரும். அது முழுதும் மேலே வந்தபின் கைதட்டலாம்.